உங்கப்பா கட்சி மாறின கதை

என் வாயாடி மகளுக்கு, அம்மா எழுதறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்கே நான் சௌக்கியம், உங்கப்பா முக்கால்வாசி சௌக்கியம், மீதி என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. போன்ல பேசினா மனுஷன் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்துல உக்காந்து காதைத் தீட்டிக்கிறார். அதான் வேலைக்கு நடுவுல பல் க்ளினிக் ரிசப்ஷன்ல உக்காந்து எழுதறேன், டாக்டர் உள்ளே ஒருத்தருக்குக் கடவாப்பல் பிடுங்கிட்டு இருக்கார், அந்த ஆள் போடற சத்தத்துல நடுநடுவே என் கையெழுத்து கோணும், கண்டுக்காதே.

போன லீவுக்கு வந்தப்ப சாப்பாட்டு மேஜையில மூணு விஷயத்துக்கு அவரோட மல்லுக்கு நின்னியே, ஞாபகம் இருக்கா. கம்ப்யூட்டருக்குக் கம்பெனிக்காரன் சாஃப்ட்வேர் வேண்டாம், யார் வேணாத் திருத்தலாம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் போதும்னே, சும்மா கிடைக்கிறதுல ஏதாவது வில்லங்கம் இருக்கும்னார். மொட்டைமாடியில சோலார் போடுங்கன்னே, மேகம் வந்தா இருட்டுல உக்காரணுமான்னார். மூணாவதா, கஞ்சா எண்ணெயை டாக்டர் சீட்டுல மருந்தாக் குடுக்கலாம்னு சட்டம் வந்தது நல்லதுதான்னு வாயை விட்டே. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுல தீர்ப்பு டைப் அடிச்ச மனுஷன்கிட்ட, அவர் கையாலயே கஞ்சா கேஸ்ல எத்தனை பேரை உள்ளே அனுப்பின தீர்ப்பை அடிச்சிருக்கார், அவர்கிட்ட போய்! தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனார், நீயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு விமானம் ஏறினே. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சது நான்.

இப்ப கேளு கூத்தை. காசு குடுத்து வாங்கின அந்த சாஃப்ட்வேர் ஒருநாள் புதுப்பிச்சாதான் திறப்பேன்னு அடம் பிடிச்சுது, கோவத்துல நீ போட்டு வச்ச ஓப்பன் சோர்ஸைத் திறந்தார், அதுல தமிழ் மெனு முழுக்க எழுத்துப்பிழை. சும்மா விடுவாரா! நாற்பத்தேழு பிழைக்கு நம்பர் போட்டுப் பட்டியல் அனுப்பினார். பத்து நாள்ல எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஆள் எல்லாத்தையும் திருத்திட்டோம், நன்றி ஐயான்னு பதில் போட்டிருக்கார். அன்னையிலேர்ந்து காலையில வாக்கிங் போற இடத்துல எல்லார்கிட்டயும், அதுல என் கையும் இருக்குன்னு பெருமை அடிச்சுக்கிறார். உன் பேரை மட்டும் மறந்துட்டார், பாவம்.

அடுத்தது சோலார். புற்றுநோய்ச் சிகிச்சை முடிஞ்சு கட்டி போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னதும் மனுஷனுக்கு எதையாவது புதுசாச் செய்யணும்னு வேகம், தானே போய் ஆர்டர் குடுத்துட்டு வந்தார். கட்டி போச்சே தவிர, அதுக்குக் குடுத்த மருந்து காலிலயும் விரல்லயும் விட்டுட்டுப் போன எரிச்சலும் மரமரப்பும் போகல, சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். டாக்டர் என்ன எழுதிக் குடுத்தார் தெரியுமா, அந்தக் கஞ்சா எண்ணெய்ச் சொட்டு மருந்தேதான். இவர் வாங்கிட்டு வந்து ஷேவிங் அலமாரியில சுவரைப் பாக்கத் திருப்பி வச்சுட்டார். வலிச்சா வலிக்கட்டும், அதைத் தொட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நாலு மாசம் அதை வச்சுக்கிட்டு என் உசிரை வாங்கினார்.

அந்தச் சமயத்துலதான் பேனல் மாட்ட ஒருத்தர் வந்தார், நாற்பது வயசு இருக்கும், வேலையில அப்படி ஒரு சுத்தம், ஒயரை எல்லாம் ஜடை பின்னின மாதிரி கட்டியிருந்தார். ஸ்விட்ச் போர்டு பாக்கக் கீழே வந்தவர் உங்கப்பாவைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டார், சார் கோர்ட்டுல இருந்தவர்தானேன்னு கேட்டார். உங்கப்பாவுக்குத் தலைகால் புரியல, ஆமாம்னு நிமிர்ந்து உக்காந்தார். அவர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி சட்டைப் பையில ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலம் இருந்ததுக்குத் தனக்கு ஒன்றரை வருஷம் ஜெயில்னு தீர்ப்பாச்சுன்னு, நீதிபதி படிக்கப் படிக்க நீங்க டைப் அடிச்சுட்டே இருந்தீங்க, ஒரு தடவை நிமிர்ந்து பாப்பீங்கன்னு நான் உங்களையே பாத்துட்டு இருந்தேன் சார்னு. சொல்லிட்டு டீயைக் குடிச்சுட்டு மாடி ஏறிட்டார். நான் காலி டம்ளரோட அங்கேயே நின்னேன்.

வேலை முடிஞ்சு ஒரு சான்றிதழ் வந்தது. அதுல கையெழுத்துப் போட்டிருந்தது வேற யாரோ, நம்ம மாடிப்படியைக்கூட மிதிக்காத ஆள். விசாரிச்சா, பழைய கேஸ் இருக்கிறதால பேனல்காரருக்கு அவர் பேர்ல லைசென்ஸ் குடுக்க மாட்டாங்களாம், எல்லா வீட்டுலயும் அவர் வேலை, வேறொருத்தர் கையெழுத்து. உங்கப்பா ரெண்டு நாள் அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டே சுத்தினார். மூணாம் நாள், சின்ன அளவு வச்சிருந்தவங்க மனு போட்டாப் பழைய பதிவை அழிக்கலாம்னு புதுச் சட்டத்துல இருக்குன்னு சொல்லி, அந்தக் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு கோர்ட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்த் தீர்ப்பு நகலைத் தேடி எடுத்துட்டு வந்துட்டார். பேனல்காரர் முதல்ல மாட்டேன்னுட்டார், அந்தக் கட்டடத்துக்குள்ள இனிமே கால் வைக்கறதில்லைன்னு இருந்தவராம். நான் கூட வர்றேன்னு இவர் சொல்லித்தான் சம்மதிச்சார்.

மனுவை டைப் அடிக்க உக்காந்தார்டி, அரைப் பக்கம் தாண்டல. விரல் எந்தக் கட்டையில இருக்குன்னே தெரியலைன்னு தானாவே என்கிட்ட சொன்னார். நான் அடிச்சுத் தர்றேன்னா கேக்கல, இதை என் கையாலதான் அடிக்கணும்னார். சாயங்காலம் பேனல்காரர், மனு முடிஞ்சிருக்கும்னு கையெழுத்துப் போட வந்திருந்தார், அப்பதான் உங்கப்பா அந்த மருந்து பாட்டிலை எடுத்துட்டு வான்னார். அதோட மூடியை அழுத்தித் திருகணும், இவர் விரலுக்கும் முடியல, எனக்கும் வரல. பேனல்காரர் வாங்கித் திறந்து, அட்டையில எழுதியிருந்ததைப் படிச்சுப் பாத்து, நாக்குக்கு அடியில நாலு சொட்டு எண்ணி விட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு உங்கப்பா, உங்க தீர்ப்பை ஒரு பிழை இல்லாம அடிச்சேன் தம்பி, அன்னைக்கு அதைத்தான் பெருமையா நினைச்சேன்னு சொல்லிட்டு அழுதுட்டார். இத்தனை வருஷத்துல அவர் அழுது நான் பாத்ததில்லை. ஒரு வாரத்துல எரிச்சல் பாதி குறைஞ்சுது, அப்புறம் மூணு நாள்ல மனு முடிஞ்சுது.

வர்ற வியாழக்கிழமை விசாரணை. எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது, வக்கீல் உதட்டைப் பிதுக்கறார். அதுவரைக்கும் நீ பட்டினி கிடந்து வேண்டிக்க வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு, அந்தக் காற்றாலை ஆபீஸ்ல எல்லார் வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்காதே, வலிக்குதுன்னியே, அந்தக் கடவாப்பல்லை டாக்டர்கிட்ட காட்டு, இங்கே ஒருத்தர் அலறறது காதுல விழுந்துட்டே இருக்கு. அம்மாவோட ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு, நினைச்சதெல்லாம் நடக்கும், நல்லா இரு கண்ணு.

வியாழன் சாயங்காலம் மறக்காம உங்கப்பாவுக்குப் போன் பண்ணு. நான் அப்பவே சொன்னேனேன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதே, கேலி எல்லாம் அடுத்த வாரம் வச்சுக்கலாம். மனுவுக்கு உங்கப்பாதான் சாட்சி, அந்தச் சாட்சிப் படிவத்துல, மனுதாரருக்கு நீங்க என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. மத்ததெல்லாம் நிரப்பிட்டு அதை மட்டும் காலியா விட்டு வச்சிருந்தார், நண்பர்னு போடுங்களேன்னேன், கேக்கல. நேத்து காலையில கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு முன்னாடி நான் எட்டிப் பாத்தேன். அந்தக் கட்டத்துல, அன்று இவரை நிமிர்ந்து பார்க்காதவன்னு அடிச்சிருந்தார்.

உன்னையே நினைச்சுட்டு இருக்கிற,
அம்மா