யமுனையின் வலக்கரை

1994 ஒக்ரோபர் 5, புதன்

பேக்கரி வேலை முடிந்ததும் நூலகம் சென்று கங்கையின் துணையாறுகளை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தேன். கோமதி, காக்ரா, கண்டகி, கோசி: இடக்கரை. யமுனை, சோன்: வலக்கரை. சனிக்கிழமை இவ்வூர் வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் நம் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளுக்கு நடத்தும் பொது அறிவுப் போட்டிக்கு நான் இரண்டாம் நடுவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பதைச் சங்கத்தார் மறந்தனரா, வேறு ஆள் அகப்படவில்லையா? பின்னதே உண்மையாயிருக்கக்கூடும்.

ஒக்ரோபர் 8, சனி

இறுதிக் கேள்வி: யமுனை கங்கையின் எக்கரையில் சேர்கிறது? பதினொரு வயதுத் துர்க்கா "வலக்கரை" என்றாள். புள்ளியிட்டேன். தலைமை நடுவர் சச்சிதானந்தன் மாஸ்ரர் சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தைக் காட்டி அதை வெட்டினார்.

"படத்தைப் பாருங்கோ அக்கா. யமுனை இடது பக்கமெல்லே கிடக்குது? இருபது வருசம் பூமிசாஸ்திரம் படிப்பிச்சனான்."

நீர் செல்லும் திசையை நோக்கி நின்றே கரையைக் கணிப்பர் என எடுத்துரைத்தேன்.

"ஆர் அக்கா கங்கைக்குள்ளை போய் நிக்கிறது?"

சபை சிரித்தது. கிண்ணம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. துர்க்கா அழுதுகொண்டு போகுது — நான் உதிலை என்னத்துக்கு இருந்தனான்? கதிரைக்குப் பாரமாவோ?

ஒக்ரோபர் 9

ஆறில்லாக் குடாநாட்டிலிருந்து இங்கு வந்தவர்கள் நாம். கிணறு அறிவோம்; கிணற்றுக்கு இடமேது, வலமேது? ஆகவே மாஸ்ரரைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் கூறுவேன்.

ஒக்ரோபர் 12

நூலக நூலைக் காட்டவா என்று மாஸ்ரரிடம் தொலைபேசியில் வினவினேன். "புத்தகத்திலையும் பிழை வரும் அக்கா." அவருக்கு மட்டும் வராது.

ஒக்ரோபர் 15, சனி

மண்டபத்துக்குப் பின்னால் ஓர் ஓடை தெற்கே ஏரியை நோக்கி ஓடுகிறது; பாலத்துக்குச் சற்று அப்பால் ஒரு வாய்க்கால் அதில் கலக்கிறது. மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நடத்தும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மாஸ்ரரை அந்த ஓடைப் பாலத்துக்கு அழைத்தேன். கழுத்துப்பட்டியோடு வந்தார். துர்க்காவும் வந்தாள்.

"தண்ணி போற பக்கம் பாருங்கோ மாஸ்ரர். வாய்க்கால் எந்தக் கைப்பக்கம் வந்து சேருது?"

"வலக்கை."

"வடக்கை மேலை வைச்சு இதைப் படமாக் கீறிச் சுவரிலை கொழுவினால்?"

விரலால் காற்றில் கீறிப் பார்த்தார். "இடது பக்கம் வரும்," என்றார். பிறகு, "குளிருது, வாங்கோ." அன்னாரின் மன்னிப்புரை அவ்வளவே.

ஒக்ரோபர் 22

நிர்வாகக் குழு கூடியது. அறிவித்த முடிவு மாறாது. கங்கை திசை மாறினாலும்.

ஒக்ரோபர் 29, சனி

துர்க்கா தொலைபேசினாள். இன்று வகுப்பில் மாஸ்ரர் சுவர்ப் படத்தைக் கழற்றி நிலத்தில் விரித்தாராம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராய்க் கங்கையின்மேல் ஏறி, கடலைப் பார்த்து நின்றார்களாம்.

"கிண்ணம் இல்லையாம் அன்ரி. ஆனா என்ரை புள்ளியைத் திருப்பி எழுதிப்போட்டார். இப்பிடி நிண்டு பாக்க ஆர் காட்டித் தந்தது எண்டு ஒராள் கேட்டது. மாஸ்ரர் இருமினார். நான் கையை உயர்த்தி உங்கடை பேரைச் சொன்னனான்."

"அதுக்கு அவர்?"

"'ஓம்' எண்டார்."