ஏழு டைரிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நாற்காலியே கதியென்று கிடக்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய். குளியலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று, அந்த பிளம்பர் நாளை நாளை என்று ஒரு வாரம் இழுத்தடித்து என் உயிரை வாங்கிவிட்டான். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது ஊசியில் அவரே நூல் கோக்கிறார், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். இனி எழுதப்போவதைச் சொல்ல முடியாது, உன் குரலைக் கேட்டால் பாதியில் நின்றுவிடுவேன், அதனால்தான் கடிதம். நெட்டை மாமாவுக்கு இருமல் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, அது வெறும் இருமல் இல்லை. நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்து இறுகிவிட்டதாம். கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போக இரண்டு தடவை உட்காருகிறான். தூசியில் வேலைபார்த்தவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஆக்சிஜனோடு படுக்கை கொடுக்கிறார்கள், ஆனால் தொழிலாளர் அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அங்கே போய் நின்றால், பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, நீங்க ஸ்டோர்ல உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தவர், உங்களுக்குத் தூசி எங்கேருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். இவனும் அப்படியே திரும்பி வந்துவிட்டான்.

பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருப்பதற்குக் காரணம் நான்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே பெயர் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் பீங்கான் தொழிற்சாலையில் அவன் நெட்டை, நான் குட்டை. அவன் ஸ்டோர், காலை ஏழிலிருந்து நான்கு. நான் கல்லைப் பொடியாக்கும் அரவைக் கூடம், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. உன் அம்மா போனபோது நீ மூன்றாம் வகுப்பு. ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் உன்னை அழைத்துப்போக ஆள் இல்லை. ஷிப்டை மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கெஞ்சினேன், முடியாது என்று துரத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் வந்து, உன் டோக்கனை இங்க குடுடா, என்னுதை நீ வச்சுக்கோ, எனக்கென்ன பிள்ளையா குட்டியா, நான் அரைச்சுட்டுப் போறேன் என்றான். டோக்கனில் பெயரும் நம்பரும்தான், போட்டோ கிடையாது. கேட்டில் பெயரைச் சொன்னால் உள்ளே விடுவார்கள். மேஸ்திரிக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். ஒரு மாதத்துக்கு என்றுதான் ஆரம்பித்தோம், அது ஏழு வருடம் ஓடிவிட்டது.

இத்தோடு போயிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அரவைக்கூடத்து ஆட்களுக்கு வருடம் ஒருமுறை நெஞ்சைப் படம் எடுப்பார்கள். மருத்துவ அட்டையில் மட்டும் போட்டோ ஒட்டியிருக்கும், அதனால் அதற்கு நான்தான் போக வேண்டும், போனேன். ஸ்டோரில் உட்கார்ந்திருந்த நெஞ்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு வருடமும் பாதிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துவந்து அவனிடம் காட்டி, உனக்கு ஒண்ணும் இல்லையாம்டா என்று கிண்டல் செய்வேன், அவனும் சிரிப்பான். ஏழு வருடமும் அப்படிச் சிரித்தோம். அவனுக்கு ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை. அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை, மூன்று வேளையும் சாப்பிடுவதாக மேலே எழுதியது பொய்.

போன வாரம் அவனிடம் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அங்கே இருக்கும் அம்மா நல்லவர்தான், ஆனால் சட்டம் பேசுகிறார். ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்து மாத்தி மாத்திச் சொன்னா நான் யாரை நம்புறது, அந்த மணிக்கு நீங்க வேற இடத்துல இருந்தீங்கன்னு அன்னிக்கே எழுதின காகிதம் ஏதாவது இருந்தா கொண்டாங்க, இருபத்துமூணாம் தேதி விசாரணை என்றார். மேஸ்திரியைக் கேட்கலாமென்றால் அவர் போய்ச்சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் உன் பள்ளி டைரிகள் ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் தினமும் தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும் அல்லவா. கல்யாணமாகி நீ புறப்பட்டபோது ஏழையும் பெட்டியில் அடுக்கினாய், இந்தக் குப்பையை எதற்குச் சுமக்கிறாய் என்று திட்டினேன். அன்று நீ என் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

ஆள்மாறாட்டம் என்று என்மேல் நடவடிக்கை வரலாம் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார், வரட்டும். விஷயம் தெரிந்ததும் நெட்டை என்னைத் திட்டித் தீர்த்தான். சாகப்போறவனுக்காக நீ ஏண்டா கம்பி எண்ணணும், அந்தப் பிள்ளைக்கு எழுதித் தொலைக்காதே, என்னால்தான்னு அது உடைஞ்சு போயிடும் என்றான். அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு நான்கு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நீ அப்போது குழந்தை, உனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். செய்தவன் நான். தெரிந்தால் நீ தாங்குவாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாகப் பல்லாண்டு இருக்க வேண்டும், உங்கள் மூச்சுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. ஞாபகம் இருக்கட்டும், இருபத்துமூன்றாம் தேதிக்கு முன்னால் டைரிகள் இங்கே வந்து சேர வேண்டும், ஒரு பக்கம்கூடக் கிழியக்கூடாது. என் கையெழுத்து இல்லாத நாட்களும் நான்கு இருக்கும், அங்கே தையற்காரம்மா போட்டிருப்பார். அதையும் மறைக்காமல் அனுப்பு. அந்த நான்கு நாளும் நெட்டைக்குக் காய்ச்சல். ஏழு வருடத்தில் நான் அந்தத் தூசியில் நின்றது அந்த நான்கு நாள்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா