வாசகர் குறிப்பு 4417-ம் ஒன்பது நாள் மழையும்

அனுப்புநர்
பதினோராம் வகுப்பு மாணவன், வயது பதினாறு,
(வாசகர் அட்டை தங்களால் முடக்கப்பட்டுள்ளது)
நீரேற்று நிலையத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்
முதன்மை ஆவணக் காப்பாளர் அவர்கள்,
திறந்த ஆவணக் காப்பகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: மழைப் பதிவேட்டின் கீழ் உள்ள வாசகர் குறிப்பு எண் 4417 பொய்யானது; அதை நம்பி எழுதப்பட்ட ஆய்வினால் பதிவாளர் மீது விழுந்த பழியை வரும் செவ்வாய்க்கிழமைக்குள் நீக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் காப்பகத்தில் முனைவர் பட்ட ஆய்வு, பள்ளி நாட்குறிப்பு, கடைக்காரர் நோட்டு, வானிலைப் பதிவு என எதைத் தேடினாலும் இலவசமாகத் திரையில் வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இதைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எழுதலாம்’ என்று ஒரு கட்டமும் இருக்கிறது. எழுதுகிறவருக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. இந்தப் புகாரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2. என் தாயார் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பகுதிநேர மழைப் பதிவாளர். நீரேற்று நிலைய மொட்டைமாடியில் உள்ள மழைமானியைத் தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து, பெய்த அளவைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. அந்த வேலையை நிரந்தரமாக்க வரும் செவ்வாய்க்கிழமை நேர்காணல் வைத்திருக்கிறார்கள்.

3. சென்ற திங்கட்கிழமை தேர்வுக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மழையளவு பற்றிய ஓர் ஆய்வேட்டின் அறுபத்திரண்டாம் அடிக்குறிப்பை நகலெடுத்து இணைத்து, அதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதத்தில் ஒன்பது நாள் மழை பெய்ததாக என் தாயார் எழுதியிருக்கிறார். குன்றுக்கு அப்பாலுள்ள பெரிய வானிலை நிலையத்தில் அந்த நாள்களில் ஒரு துளியும் இல்லை. ஆகவே அவை கற்பனை என்கிறது அந்த அடிக்குறிப்பு. ‘பதிவாளரை அருகிலிருந்து அறிந்த வாசகர் ஒருவரும் இதை உறுதிப்படுத்துகிறார் (குறிப்பு எண் 4417)’ என்று முடிகிறது.

4. அந்த ‘அருகிலிருந்து அறிந்த வாசகர்’ நான்தான். ஒரு சுவர் தள்ளிப் படுக்கிறேன். அதைவிட அருகில் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

5. குறிப்பை எழுதியபோது எனக்கு வயது பதினான்கு. அன்று மதியச் சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தது. கோபத்தில் நான் எழுதியது முழுமையாக இதுதான்: ‘இவர் மாடிக்குப் போவதே இல்லை. சமையலறைச் சன்னலிலிருந்து வானத்தைப் பார்த்து, தோன்றிய எண்ணை எழுதிவிடுவார். உப்பும் அப்படித்தான் போடுவார், சாப்பிடுகிறவன் சொல்கிறேன்.’ ஆய்வாளர் முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டார். அதையும் சேர்த்துப் போட்டிருந்தால் படிப்பவர்களுக்கு அப்போதே ருசி தெரிந்திருக்கும். ஆனால் முதல் குற்றம் என்னுடையது, அவருடையது இரண்டாவது.

6. இது தவிர வேறு பதினாறு பொய்க் குறிப்புகளையும் எழுதியிருக்கிறேன். பழைய பொறியாளர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படத்தில், இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் ‘பூனைகளுக்காக வாதாடும் வக்கீல்’ என்று எழுதியது அவற்றில் ஒன்று. அதற்காகத்தான் தாங்கள் என் அட்டையை முடக்கினீர்கள். அது நியாயமே.

7. உண்மை நிலவரத்தையும் பதிவு செய்கிறேன். என் தாயார் ஒருநாள்கூட மாடி ஏறாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறார். பாசி பிடித்த படியில் வழுக்கி முட்டியில் தையல் போட்டுக்கொண்ட மறுநாளும், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினார். ஆய்வேடு, பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் எண் கலைந்திருப்பதைக் காட்டி, ‘பின்னர் திருத்தப்பட்டது’ என்கிறது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மை கலைந்த வட்டத்தின் நடுவே ஒரு துளி விழுந்த தடம் தெரியும். அங்கே கையெழுத்துப் போட்டது மழை.

8. சாட்சிகள் வேண்டும் என்பதற்காக மூன்று நாள் தங்கள் வாசிப்பறையில் உட்கார்ந்து தேடினேன். சாட்சிகள் அனைவரும் தங்கள் காப்பகத்திலேயே இருக்கிறார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, எங்கள் தெரு சலவைக்கடையின் நோட்டு. ‘சிறுதொழில்’ தொகுப்பில் உள்ளது. அந்த ஒன்பது நாளில் ஏழு நாள் ‘காயவில்லை, நாளை வாங்கிக்கொள்ளவும்’ என்று இருக்கிறது. மற்ற இரண்டும் ஞாயிறு; கடை விடுமுறை. மழை வெளுத்து வாங்கியதால் வெளுத்ததை வாங்க முடியவில்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இரண்டாவது, நத்தைகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வாளர் ஞாயிறுதோறும் நீரேற்று நிலையச் சுவரில் நத்தைகளை எண்ணியிருக்கிறார். விடுபட்ட அந்த இரண்டு ஞாயிறுகளிலும் ‘பலத்த மழை, குடை உடைந்தது, நத்தைகள் நலம்’ என்று எழுதியிருக்கிறார். ஆய்வை முடிக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகியுள்ளன. பழகிய தோஷமாக இருக்கலாம்.

மூன்றாவது, எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியரின் நாட்குறிப்பு. ஐந்து நாள் ‘மைதானத்தில் தண்ணீர், ஆட்டம் இல்லை’.

ஆக, ஒன்பது நாளில் ஒன்றுகூட விடுபடவில்லை. குன்றுக்கு அப்பால் காய்ந்திருக்கலாம். எங்கள் தெரு நனைந்திருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருக்கும் நான்கு தொகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க அடிக்குறிப்பு எழுதிய ஆய்வாளருக்கு நேரமில்லை. எனக்கு இருந்தது. எதையாவது கிண்டல் செய்வதற்காக ஏற்கெனவே எல்லாவற்றையும் புரட்டியிருந்தேன்.

9. பதிவு மேசையில் இருக்கும் அக்காவிடம் முதலில் போனேன். “வந்துட்டியா? இந்தத் தடவை யானைக்கு வக்கீலா, ஆமைக்கு ஜட்ஜா?” என்றார். நான்கு பக்கங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை விரலால் கூட்டிக்கொண்டே வந்தவர், அதன் பிறகு சிரிக்கவில்லை. “உன் அட்டை முடங்கிக் கிடக்கு, நான் ஒண்ணும் ஏத்த முடியாது. பெரியவருக்கு மனுவா எழுது. ஜோக்கைக் குறைச்சுக்கோ” என்றார். குறைத்ததன் விளைவே இது.

10. தேர்வுக் குழுவின் கடிதத்தை என் தாயார் நின்றபடியே படித்தார். “மழை பெஞ்சதுக்கு நான் யாரடா சாட்சிக்குக் கூப்பிடறது, மேகத்தையா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “யாரோ ஒருத்தர் எழுதியிருக்காரு. அவருக்கு என் மேல என்ன வருத்தமோ, பாவம்” என்றார். அப்போது என் வாயில் சோறு இருந்தது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

11. எனவே கேட்டுக்கொள்வது:

குறிப்பு 4417-ஐ அழிக்க வேண்டாம். அழித்துவிட்டால் அடிக்குறிப்பு மட்டும் நிற்கும். அது எதன் மேல் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘பொய், எழுதியவனே ஒப்புக்கொண்டான்’ என்று எழுதி, இந்த மனுவைப் பக்கத்தில் வைக்கவும். மழைப் பதிவேட்டையும் சலவை நோட்டையும் நத்தை ஆய்வையும் விளையாட்டு ஆசிரியரின் நாட்குறிப்பையும் ஒன்றோடொன்று இணைக்கவும். இவை தங்கள் காப்பகத்தில் உள்ளவைதான் என்று முத்திரையிட்ட ஒரு கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் தேர்வுக் குழுவுக்குக் கிடைக்கச் செய்யவும். என் அட்டை முடங்கியே இருக்கட்டும். அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

12. இதை என் தாயாரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். இரண்டு முறை தொடங்கினேன். முதல் முறை, “என்னடா, புதுசா ஏதும் விளையாட்டா?” என்றார். இரண்டாம் முறை நானே பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் இப்படி எழுத்தில், பக்க எண்களோடு.

தங்கள் பேனாவின் ஒரு கோட்டுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
குறிப்பு 4417-ஐ எழுதியவன்
வீட்டில் அழைக்கும் பெயர்: வாலு

இடம்: வாசிப்பறை, சன்னலோர மேசை
நாள்: வியாழக்கிழமை, நேர்காணலுக்கு ஐந்து நாள் முன்பு

இணைப்பு: நான்கு பக்கங்களின் நகல் (பதிவு மேசை அக்கா சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட்டது)

நகல்:
1. தேர்வுக் குழு – அஞ்சலில்.
2. மழைப் பதிவாளர் அவர்கள் – நேரில், நாளை காலை எட்டரை மணிக்கு, மொட்டைமாடியில். மழை வந்தால் குடையை நான் பிடித்துக்கொள்வேன்.