ஆளுக்கு ஒரு பவுண்டு

டெட்ராய்ட்
மார்ச் 4, செவ்வாய், காலை 6.40. உன் நிதியின் இணையதளத்தில் இதுவரை வந்த விண்ணப்பங்கள் 212.

அன்புள்ள ஒடெஸா அக்கா,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், எழுதினால் வாக்கியத்தையாவது முடிப்பேன் என்றாய். சரி, எழுதுகிறேன்.

கோர்ட் உத்தரவைப் படித்தேன். தீர்ப்பு வரும்வரை உன் மேரிகோல்ட் நிதி யாருக்கும் உதவித்தொகை தரக்கூடாது. தொழில் தொடங்கும் 'கறுப்பினப் பெண்களுக்கு மட்டும்' என்பது பாகுபாடாம். வழக்குப் போட்டவர்கள் எந்தச் சட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள், பார்த்தாயா? அடிமைத்தளை அறுந்த கையோடு, நம் ஆட்களும் ஒப்பந்தம் போடலாம் என்று கொண்டுவந்த சட்டம்! நமக்காகச் செய்த சாவியால் நம்மையே வெளியே வைத்துப் பூட்டுகிறார்கள்.

என் யோசனை எளிது. 'கறுப்பின' என்ற சொல்லை எடுத்துவிடு. பதிலுக்கு, நம் ஆட்கள் வாழும் பேட்டைகளின் அஞ்சல் எண்களைப் போடு. வரப்போவது பெரும்பாலும் அதே பெண்கள்தான். நிதியின் இணையதளம் என் கையில் இருக்கிறது. பத்து நிமிட வேலை. பிடிவாதத்துக்காக வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்காதே.

தம்பி,
குவின்சி

*

மேக்கன், ஜார்ஜியா
மார்ச் 11

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தேவாலயச் சமையலறையில் நின்றபடி படித்தேன். வெல்மா அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னடி, எஞ்சினீயர் துரை நம்ம நிறத்தையே அழிச்சுட்டாரா? பத்தே நிமிஷத்துலயா? முந்நூறு வருஷமா முயற்சி பண்ணவங்களுக்கு இது தெரியாமப் போச்சே!" சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்தது.

ரெனீட்டா பூல் என்றொரு பெண். மூன்று வங்கிகள் கைவிரித்தபின் நம்மிடம் வந்தவள். பேக்கரிக்குப் பார்த்துவைத்த கடைக்கு மாதக்கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டும். 'உன்னைத் தேர்ந்தெடுத்தோம்' என்று சொல்லிவிட்டேன், தடை வந்துவிட்டது. "அக்கா, ஆள் தப்பா, நேரம் தப்பா?" என்று கேட்டாள். அவளிடம் அஞ்சல் எண்ணையா சொல்வேன்? யாருக்காகத் தொடங்கினோம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத நிதி எனக்கு வேண்டாம்.

தன்னைக் கேட்காமல் தளத்தில் ஓர் எழுத்தையும் அழிக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கை வைக்காதே. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒடெஸா

*

டெட்ராய்ட்
மார்ச் 17

அக்கா,

எனக்குக் கோபம் வந்தால் ஆவணம் படிப்பேன். உத்தரவை மறுபடி படித்தேன். நீ கொடுப்பதைக் 'கொடை' என்று நீதிபதி ஒப்பவில்லை, 'ஒப்பந்தம்' என்கிறார். ஏன் தெரியுமா? உன் விருந்தால்! பணம் பெறுகிறவள் ஆண்டு விருந்தில் எழுந்து பேசவேண்டும், கடைப் பலகையில் நம் பெயரைப் போடவேண்டும். இதைக் கொடு, அதை வாங்கு. அது பேரம், அக்கா. எதையும் கேட்காமல் கொடுக்க நமக்குத் தெரியாதா?

குவின்சி

*

மேக்கன்
மார்ச் 27

தம்பி,

அந்தக் கடைசிக் கேள்விக்காக இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். பிறகு அதை வெல்மா அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "தெரியாமலா? புதுசா குடிவந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு மாவோ சர்க்கரையோ கொண்டுபோய்ப் போடுறோமே, நன்றி சொல்லிப் பேசுன்னு மேடையா போடுறோம்?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே மாதிரி ரெனீட்டாவுக்குப் பவுண்டு போட்டோம். நிதி இல்லை, நாங்கள், அவரவர் காசில். வக்கீலிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். "உங்க சொந்தக் காசுல யாருக்கு மாவு வாங்கிக் குடுத்தாலும் கோர்ட்டு கேக்காதும்மா," என்றார். மேஜை நிறையச் சர்க்கரை. வெண்ணெய் கொண்டுவர ஒருத்திக்கும் தோன்றவில்லை!

அந்தக் கடை கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் போதகர் தேவாலயச் சமையலறைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். ஏப்ரல் 5, சனிக்கிழமை, முதல் விற்பனை.

வக்கீலைக் கேட்டு, விருந்தையும் பலகையையும் நிபந்தனைகளிலிருந்து எடுத்துவிட்டேன். வலித்தது. யாருக்காக என்பதை மட்டும் எடுக்கவில்லை. ஏப்ரல் 7 விசாரணை. வெற்றி நிச்சயமில்லை, ஆனால் இது பேரமில்லை, கொடை என்று இப்போது வாதாட இடமிருக்கிறது என்கிறார் வக்கீல். வருவாயா?

ஒடெஸா

*

டெட்ராய்ட்
மார்ச் 31

அன்புள்ள அக்கா,

அஞ்சல் எண் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என் கணக்கு சரிதான். நீ கேட்டது கணக்கில்லை. இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளி மாலை அட்லாண்டாவுக்கு விமானம். அங்கிருந்து பேருந்து. அழைக்க வராதே, தூங்கு.
2. வரும் வழியில் வெண்ணெய், இருபது பவுண்டு. நன்றி சொல்லி யாரும் பேசக்கூடாது.
3. சனிக்கிழமை ரெனீட்டாவிடம் முதல் கேக்கை வாங்குவேன். வெல்மா அத்தை முந்தினால் இரண்டாவது.
4. திங்கட்கிழமை கோர்ட்டில் உனக்குப் பின்வரிசையில் உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன்.
5. நான்காவது முடியாமல் போனால், வெளியே போய்க் கத்திவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவேன்.