நாற்பத்தேழாம் துண்டு

அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கும்போது உம்முடைய கிளினிக் கொப்பி கையில் பட்டது. மழைக்கு நனையாமல் நீர் சுற்றிவைப்பீரே, அதே பொலித்தீன் பையில்தான் இருக்கிறது. பிரித்ததும் கருவாட்டு வாடை வந்தது. முன்பென்றால் முகத்தைச் சுளித்திருப்பேன். இன்றைக்கு, வாடை போய்விடக்கூடாதென்று பையை உடனே மூடினேன்.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய காலம் அது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தேவாலயப் பங்கு மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கிளினிக் தொடங்கினார்கள். ஒரே டொக்டர், ஒரே தாதி. பதிவு எழுதத் திருத்தமான எழுத்துள்ள ஒருவர் வேண்டுமென்று பங்குச் சுவாமி என்னைக் கேட்டார். என் கணவர் இறந்து இரண்டாம் வருடம்; வெறும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சம்மதித்தேன். நீர் ஓலைத்தொடுவாயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஆட்கள் உட்கார வாங்குகளை அடுக்கி, சனங்களின் கொப்பிகளை வாங்கி டொக்டரின் மேசையில் வைப்பீர். உமக்கும் பிரஷர் இருந்தது. வேலையெல்லாம் முடிந்தபின் உம்முடைய கொப்பியைக் கடைசியாக நீட்டுவீர். அப்படித்தான் நாங்கள் சிநேகிதிகளானோம்.

உம்முடைய வேலைமுறை எனக்குப் பிடிக்கவில்லை. உப்புக்குளத்திலிருந்து ஆறு மணிக்கே நடந்து வந்தவர் காத்திருக்க, எட்டரைக்கு பஸ்ஸால் இறங்கியவரின் கொப்பியை மேலே வைப்பீர். கேட்டால், "அதுகளுக்குப் பதினொரு மணிக்கு பஸ் அக்கா. அதை விட்டால் பின்னேரம் நாலு மணிக்குத்தான்" என்பீர். காத்திருந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு மணியாகியும் வரிசை முடியாது. டொக்டர் சாப்பிடாமல் இருப்பார்.

நான் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அங்கே பூசைக்கும் வரிசை, குளிக்கவும் வரிசை. கெட்டி மட்டையை வெட்டி எண்பது துண்டுகள் செய்து இலக்கம் எழுதினேன். முதல் வந்தவருக்கு முதல் துண்டு, ஆளைப் பார்ப்பதில்லை.

நீர் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். "வடிவான எழுத்து அக்கா. மோட்ச வாசலிலயும் நீங்கள் துண்டு குடுத்துக்கொண்டுதான் நிப்பீங்கள். திறப்பு வைச்சிருக்கிற இராயப்பரும் உங்களிட்டத் துண்டு வாங்கித்தான் உள்ள போகவேணும்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "பகிடி போதும், துண்டுப்படி கொப்பியை அடுக்கும்" என்றேன்.

மூன்று செவ்வாய் அப்படியே அடுக்கினீர். நாலாம் செவ்வாய், விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் வந்தீர்.

"நான் இனி வேலைக்கு வரேல்லை அக்கா. பஸ்ஸை விட்டிட்டு அதுகள் என்னைப் பாக்கிற பார்வை தாங்கேலாமல் கிடக்கு."

"வேளைக்கு வரச் சொல்லும்."

"முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தானே வருது. நீந்தியோ வாறது?"

அதற்கும் வாங்கில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

பிறகு நோயாளியாக மட்டும் வந்தீர். ஒருநாள் உமக்குக் கிடைத்தது நாற்பத்தேழாம் துண்டு. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க எழுந்து வந்து, அதை என் மேசையில் வைத்தீர். முகம் வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"பஸ் வரப்போகுது அக்கா. மீன் காயப்போட்டபடி கிடக்கு, காகம் கொண்டுபோயிடும்."

உள்ளே அப்போது முப்பத்தோராம் துண்டு. நான் தலையை அசைத்திருந்தால் போதும், நீர் டொக்டரிடம் போயிருப்பீர். ஆனால் மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் போட்ட ஒழுங்கை என் சிநேகிதிக்காக நானே மாற்றுவதா?

"அடுத்த கிழமை வேளைக்கு வாரும்" என்றேன்.

"ஓம் அக்கா" என்று சிரித்துவிட்டுப் போனீர்.

அடுத்த கிழமை நீர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவுமில்லை. எனக்குப் பெருமைப்பட வேறொன்று இருந்தது. வரிசை பன்னிரண்டரைக்கே முடியத் தொடங்கியிருந்தது. "உங்களாலதான் அம்மா எல்லாம் ஒழுங்காப் போகுது" என்றார் டொக்டர். அன்று வீட்டுக்கு வந்து, கணவரின் படத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன்.

பின்னொரு செவ்வாய் உம்முடைய மகள் வந்து இந்தக் கொப்பியை மேசையில் வைத்தாள்.

"அம்மா ஞாயிற்றுக்கிழமை மீன் காயப்போடுற இடத்தில விழுந்தவ அன்ரி. பிறகு எழும்பேல்லை. நேற்று அடக்கம்."

"மருந்து?"

"அது முடிஞ்சு ஒரு மாதத்துக்கு மேல. பஸ் சரிவரேல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ. கொப்பியைக் கிளினிக்கில குடுக்கத்தான் வந்தனான்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லிப் பார்த்திருப்பேன்.

அன்று எல்லாரும் போனபின் பதிவுப் புத்தகத்தை விரித்து, ஊர் ஊராகப் பார்த்தேன். நகரத்தவர் ஒருவரும் தவறவில்லை. ஓலைத்தொடுவாய், பேசாலை, பாலத்துக்கு அக்கரையில் சனங்கள் புதிதாகக் குடியேறிய ஊர்கள், எல்லாவற்றிலும் திகதிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. எல்லாம் என் கையெழுத்து. செவ்வாய்தோறும் எழுதியவள் நான், ஒருநாளும் வாசிக்கவில்லை. தூரத்துச் சனம் வருவதை விட்டதால் வரிசை சுருங்கியிருந்தது. அதைத்தான் நான் ஒழுங்கு என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த செவ்வாயிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு முதலிடம், மற்றவர்களுக்குத் துண்டு. வரிசை மறுபடி இரண்டு மணி வரை நீண்டது. வராமல் நின்றவர்களுக்குச் சுவாமி பூசையில் அறிவித்தல் சொன்னார். சிலர் திரும்பி வந்தார்கள்.

இப்போது நானும் அங்கே மருந்தெடுக்கிறவள். பதிவை வேறொரு பிள்ளை எழுதுகிறாள். ஆனாலும் கிளினிக் தொடங்குமுன் எழுந்து நின்று, "பதினொரு மணி பஸ்ஸுக்குப் போறவை ஆர்? கொப்பியைத் தாங்கோ" என்று கேட்பேன். "இப்ப எந்த நேரமும் பஸ் ஓடுது அன்ரி" என்று சிரிப்பார்கள். தெரியும். கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

அந்தத் துண்டுகளைத்தான் இன்னும் கொடுக்கிறார்கள், ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. நாற்பத்தாறைக் கூப்பிட்டபின் நாற்பத்தெட்டைக் கூப்பிடுவார்கள். இடையில் ஒன்று ஏன் இல்லை என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. உம்முடைய மகள் வந்த அன்றே அதை எடுத்து, உம்முடைய கொப்பிக்குள், நீர் கடைசியாக மருந்தெடுத்த பக்கத்தில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாற்பத்தாறு உள்ளே போகும்போதெல்லாம், என் கண் வாசலுக்குப் போய்விட்டு வருகிறது.