கழற்றவில்லை என்று எழுதிய ஆறு பேர்

கார்த்திகை 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. புளியங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் காத்து நின்றேன். குடையை மறுபடி பஸ்ஸிலேயே விட்டாயிற்று.

தொழிற்சாலையில் ரோபோ இன்று ஒரு தடவையும் நிற்கவில்லை. அதன் வேலை: சப்பாத்தின் அடியில், அடி எண்ணும் சென்சரை வைத்து, பசை பூசி, அழுத்துவது. என் வேலை: திரையில் அதன் அழுத்தத்தையும் பசையின் அளவையும் பார்த்தபடி இருப்பது, பிசகினால் நிறுத்துவது. கூட வேலை செய்யும் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'மருமகன்'. ஒரு சொல் கதைக்காது. கோபம் வந்தால் அப்படியே நின்றுவிடும்.

பி.ப. 3. கொழும்பிலிருந்து பொறியியலாளர் அஜந்தன் போனில். இங்கே நாங்கள் ஆறு பேர் ஒரு மாதமாகப் போட்டுத் திரியும் சோதனைச் சப்பாத்துகள் ஆறிலும் இருந்து கொழும்புக்குப் போகும் சமிக்ஞை அறுகிறதாம். ஒரு நாளில் இருபது, முப்பது தடவை. மழை தொடங்கியபின் இன்னும் கூட. ஏழாவது சோடி அவருடைய காலில். அது கையால் ஒட்டியது. அதில் ஒரு குறையும் இல்லையாம். ஆகவே ரோபோ சரியாக அழுத்தவில்லை, தண்ணீர் உள்ளே போகிறது என்கிறார்.

அழுத்தம் சரி என்று ஒவ்வொரு நாளும் கையெழுத்து வைத்தவள் நான்.

கார்த்திகை 5, புதன்

மழை, விட்டு விட்டு.

வாங்க: தேங்காய் 2, நெருப்புப்பெட்டி, மகளுக்கு வரைபுத் தாள். குடை பற்றி பஸ் கொண்டக்டரிடம் கேட்க.

ஏழு மாதப் பதிவுகளையும் திரும்பப் பார்த்தேன். பிசகில்லை. என் சோடியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு நடந்தேன். சமிக்ஞை அறவில்லை. சொன்னேன். அஜந்தனுக்கு நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். அன்றைக்கும் காரணம் தெரியாவிட்டால் ரோபோவை லொறியில் ஏற்றிவிடுவார்கள். நான் பழையபடி தையல் மெசினுக்கு.

தைப்பதில் குறையில்லை. பதினொரு வருடம் தைத்தவள்தான். ஆனால் கம்பஸில் படித்த பௌதிகம் இந்தக் கதிரையில் வந்து இருந்த பிறகுதான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

சோதனைப் படிவத்தில் ஒரு கேள்வி: பகலில் சப்பாத்தைக் கழற்றினீர்களா? ஆறு பேரும் 'இல்லை'. நானும்தான். பசை நிரப்பும் வசந்தியிடம் மறுபடி கேட்டேன்.

"படுக்கிறமட்டும் காலிலதான் அக்கா கிடக்கு. மனுசன் சப்பாத்துச் சத்தம் கேட்டுப் பிள்ளையளுக்குச் சொல்லுறார், பொலிஸ் வருது, படியுங்கோ எண்டு."

சிரித்துச் சிரித்து, கேட்க வந்ததை மறந்துபோனேன்.

கார்த்திகை 6, வியாழன்

மழை விட்டது. எங்கும் சேறு. குடை இன்னும் இல்லை.

வசந்தியின் சின்ன மகளுக்குப் பிறந்தநாள். வேலை முடிய ஆறு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். தொழிற்சாலைக்குப் பின் ஒழுங்கைதான். பாயாசம், ரோல்ஸ். பாயாசத்தில் கஜு தாராளம்.

வெளியே வந்தால், வாசற்படியில் ஒரேமாதிரிச் சாம்பல் நிறச் சப்பாத்து ஆறு சோடி. ஆறிலும் லேஸ் கட்டியபடி, குதிப்பக்கம் மிதித்து மடங்கிப்போய். யாருடையது எது என்று தள்ளுமுள்ளு. மூக்கால் மணந்து பார்த்து எடுக்கட்டாம் என்று ஒருத்தி.

நான் அதிலேயே நின்றுவிட்டேன்.

நேற்று நான் மட்டும் விட்ட இடங்கள்: வீட்டு வாசல் (போக வர எத்தனை தடவையோ), குசினி வாசல், கோயில், மகளின் ரியூசன் வீடு, பக்கத்து வீடு இரண்டு தடவை, சாப்பாட்டு அறை. மழை என்றால் சேற்றுக்காகக் கடை வாசலிலும். கால் பாரம் இல்லாத நேரமெல்லாம் கொழும்பில் 'அறுந்தது' என்று விழுந்திருக்கிறது.

"நீ கழட்டேல்லை எண்டெல்லே சொன்னனி?"

"ஓம், கழட்டேல்லைத்தானே," என்றாள் வசந்தி. "வாசல்ல விட்டனான்."

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. பௌதிகம் படித்தவளும் அதே 'இல்லை'யைத்தானே எழுதினாள்.

கார்த்திகை 7, வெள்ளி

வெயில். ஒரு கிழமைக்குப் பிறகு உடுப்பு காய்ந்தது.

மு.ப. 10. அஜந்தன் வந்தார். மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மருமகனின் பக்கத் தகட்டைத் திறக்க ஆளையும் கூட்டி வந்திருந்தார். நான் காரணத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். ஒரு நாளைக்கு முப்பது தரம் யார் கழற்றுவார்கள் என்றார். திறக்க முன் அரை மணித்தியாலம் தரும்படி கேட்டேன். வசந்தி வீட்டில் ஒரு தேத்தண்ணி.

ஒழுங்கையால் நடந்தோம். அவர் கையில் ஒரு டப், சிறு கணினி. திரையில் ஏழு சோடிக்கும் ஏழு புள்ளி: தேத்தண்ணி போட முன்னே போய்விட்ட வசந்தியினது மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை.

வாசற்படி. கழற்றும்படி ஒருவரும் சொல்லவில்லை. டப்பை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தார். லேஸை அவிழ்த்தார். இரண்டையும் ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். ஏழாவது புள்ளியும் சிவந்தது.

டப்பை அவரிடம் நீட்டினேன். திரையைப் பார்த்தார், தன் காலுறையைப் பார்த்தார்.

"உங்கட சோடிக்குள்ளயும் தண்ணி போட்டுதோ தம்பி?"

அதுவரை சேர் என்றுதான் சொல்லிவந்தேன். வாயில் வந்துவிட்டது. அவர் அசடு வழியச் சிரித்தார். கொழும்பில், கந்தோர் மேசையில், காலையில் போட்டால் பின்னேரம்தான் கழற்றுவதாம். உள்ளேயிருந்து வசந்தி, வாசல்ல நிண்டு என்ன கதை, தேத்தண்ணி ஆறுது என்றாள்.

பி.ப. 1.30. தகடு திறக்கப்படவில்லை. மருமகன் வேலையில். அழுத்தம் சரி. கையெழுத்து வைத்தேன்.

குடை கிடைத்தது. ஒரு கம்பி வளைவு.

படிவத்தின் கேள்வியை மாற்றி எழுதும்படி அஜந்தன் என்னிடமே விட்டுப் போனார். எழுதினேன்: இன்று எத்தனை வாசலில் விட்டீர்கள்?

எனக்கு, இதுவரை 19.