சிவனொளிபாத மலையில் இரண்டாவது மணி

அன்புள்ள அம்மா,

மஸ்கெலியாக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரத்தினபுரியில் நான் நலம்.

ஞாயிறன்று சிவனொளிபாத மலைக்கு நான் இந்தப் பக்கமிருந்து ஏறினேன். தனுஷன் நல்லதண்ணிப் பக்கமிருந்து வந்தார். முதல் தடவை என்னோடுதான் ஏறுவேன் என்று நிச்சயத்தன்று சொன்னவர். ஏறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று என்று உச்சியில் மணி அடிப்போமே, நான் ஒன்று அடித்தேன். அவர் இரண்டு அடித்தார். ஏன் இரண்டு என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“போன சீசன்ல ஒன் தங்கச்சி ஆசப்பட்டுச்சு, கூட்டிட்டு வந்தேன். ஒன் செவப்பு சுவெட்டர்தான் போட்டிருந்துச்சு. அத்தைக்குத் தெரியுமே!” என்றார்.

தங்கைதானே என்று நானும் சொல்லிவைத்தேன்.

கல்யாண நாளை இப்போது குறிக்க வேண்டாம். வேலைக்கு நேரமாகிறது. தொலைந்துவிட்டதாக நீங்கள் சொன்ன அந்தச் சுவெட்டரை அனுப்பிவையுங்கள். இந்த ஊரில் குளிர் இல்லை. ஆனாலும் அது எனக்கு வேண்டும்.

மகள்,
சசிரேகா